அங்குலத்துக்கு ஆறு கண்ணி

வரதன் என் அக்காவின் பின்னல் ஊசியை, கம்பியின் பருமனைப் பார்க்கும் தகட்டில் ஒன்பதாம் எண் பள்ளத்தில் செருகினான். ஊசி உள்ளே ஆடியது. பத்தாம் எண்ணில் செருகினான். சிக்கென்று போய் நின்றது. பதினொன்றில் நுழையவே இல்லை.

"பத்து. நல்லா பாத்துக்கோ. இதுக்காடா நாஷ்டா கூட துன்னாம ஓடியாந்த?" என்றான்.

நானும் வரதனும் கும்மிடிப்பூண்டியில் கம்பி இழுக்கிற கம்பெனி ஒன்றில் வேலை செய்கிறோம். ஒரு பக்கம் தடித்த கம்பியைக் கொடுத்தால், ஒன்றைவிட ஒன்று சிறிய துளைகளின் வழியாக இழுபட்டு, மறுபக்கம் மெலிந்து வெளியே வரும். எண் ஏற ஏறக் கம்பி மெலியும். பன்னிரண்டைவிட எட்டு தடிமன். முந்தின நாள் பொன்னேரியில் மாலை வகுப்பு முடிந்து ரயிலில் திரும்பும்போதுதான் அந்த யோசனை வந்தது. அக்கா வைத்திருக்கும் பழைய ஆங்கிலப் பின்னல் புத்தகத்திலும் எண் ஏற ஏற ஊசி மெலிகிறது. வெள்ளைக்காரன் கம்பிக்கும் ஊசிக்கும் ஒரே கணக்கைத்தான் வைத்திருப்பானோ? யாரிடமாவது கேட்டால் சிரிப்பார்கள் என்று ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வகுப்புத் தோழனிடம்கூடச் சொல்லவில்லை. அக்காவின் ஊசியில் எண் எப்போதோ தேய்ந்து போய்விட்டது. புத்தகம் பத்தாம் எண் ஊசியும் பன்னிரண்டாம் எண் ஊசியும் கேட்கிறது. கையில் இருப்பது பத்துதான் என்று இப்போது தெரிந்துவிட்டது. எனக்கு ஒரு கணம் என் மேலேயே மரியாதை வந்தது. அடுத்த கணம், தகடு தேய்ந்திருந்தால் என்ன செய்வது என்று தோன்றியது.

பன்னிரண்டாம் எண் ஊசி எங்களிடம் இல்லை. கழிவுக் குவியலில் பன்னிரண்டாம் எண் கம்பியின் வால்துண்டு ஒன்று கிடந்தது. எடுத்துக்கொள்ளலாமா என்று ஃபோர்மேனிடம் கேட்டேன். "யாரைக் குத்தப் போற?" என்று கேட்டுவிட்டு, அனுமதி கொடுத்தார். வரதன் அதை இரண்டாக வெட்டி, நிமிர்த்தி, சாணைக்கல்லில் முனையைக் கூராக்கி, உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கி, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக் கொடுத்தான். அக்காவின் கல்யாணத்துக்குத் தன்னுடைய மொய் இதுதான், வேறு எதுவும் எதிர்பார்க்காதே என்றும் சொன்னான்.

எல்லாம் அம்மாவின் வாயால் வந்தது. அக்டோபர் மாதம் எங்கள் வீட்டில் அக்காவுக்கு நிச்சயம் நடந்தது. அக்காவின் பெயர் ஆரோக்கியமேரி, வீட்டில் மேரி. மாப்பிள்ளை எளாவூர். பெயர் சாலமோன். ராணுவத்தில் எலக்ட்ரீஷியன், சிலிகுரிக்கு மேலே ஏதோ மலையில் வேலை. கோடையில் விடுமுறைக்கு வந்தபோது அக்காவைப் பார்த்துப் பிடித்துப்போய், சம்மதம் சொல்லிவிட்டுத் திரும்பிப் போயிருந்தார். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாலு வாரம் கோயிலில் கல்யாணம் வைக்க மாட்டார்கள் என்பதால், மூன்று ராஜாக்கள் திருநாள் கழித்து ஜனவரியில் என்று முடிவாகியிருந்தது. நிச்சயத்துக்கு வந்திருந்த அவருடைய அம்மா ரோசம்மாள் அத்தை, மகன் இருக்கும் இடத்தில் குவளையில் வைத்த தண்ணீர் காலையில் கல்லாகக் கிடக்குமாம் என்று சொன்னார். அவ்வளவுதான். அம்மாவுக்கு எங்கிருந்துதான் அந்தத் தைரியம் வந்ததோ.

"அதுக்கின்னா சம்மந்தி? எங்க மேரி ஸ்வெட்டர் போடுவா. அவ கை ஓடற வேகத்துக்கு நம்ம கண்ணு ஓடாது."

ரோசம்மாள் அத்தை காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். "அப்படியா? நா ஸ்வெட்டர் போடற மருமவள இதுவரிக்கும் பாத்ததில்ல. அப்போ கல்யாணத்துக்குள்ள ஒண்ணு போட்டு வைக்கச் சொல்லு. என் புள்ள திரும்பிப் போறப்போ போட்டுக்கினு போவட்டும்." எங்கள் கோயில் பங்கு ஜனங்கள் பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் தலையாட்டினார்கள்.

அவர்கள் போனதும் அக்கா சேலையைக்கூட மாற்றவில்லை. "யம்மா, நா எப்பம்மா ஸ்வெட்டர் போட்டேன்? மடத்துல கொழந்திங்களுக்குக் குல்லாவும் சாக்ஸும் போட்டிருக்கேன். அதுலயும் ஒரு குல்லா எந்தக் கொழந்த தலையிலயும் ஏறாம பொம்மைக்கு மாட்டி வச்சிக்கீறாங்க."

"குல்லாவப் பெருசா போட்டா ஸ்வெட்டரு. கைக்கு ரெண்டு பக்கம் ஓட்ட வுட்டா ஆச்சு. பெரிய வித்தையா?"

அம்மாவின் பெயர் ஞானம்மா.

ஸ்வெட்டர் இல்லாவிட்டால் கல்யாணம் நின்றுவிடும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் ரோசம்மாள் அத்தையின் மூத்த மருமகள் கல்யாணமான புதிதில் ஒரு நாள் மீன் குழம்பைக் கருக்கிவிட்டாளாம். ஏழு வருஷம் ஆகியும் அந்தத் தெருவில் அவள் பெயர் 'கருக்கினவ' தான். அடிபம்பில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தபோது அக்கா இதை எனக்குச் சொன்னாள். "டேய் ஜோசப்பு, அந்த ஊட்டுல நா காலத்துக்கும் வாழணும். மொத நாளே பொய்க்காரி ஊட்டுப் பொண்ணுன்னு பேரு வாங்கிக்கினு போவணுமா? நீ கிளாஸுக்கெல்லாம் போற. இங்கிலீஷ் படிப்ப. எனக்குக் கணக்கு மட்டும் போட்டுக் குடு. பின்றத நா பின்னிடறேன்."

அக்கா என்னிடம் ஒன்றைக் கேட்பது அபூர்வம். சரி என்றேன்.

புத்தகத்தை மடத்துச் சிஸ்டர் கொடுத்திருந்தார்கள். அக்கா அங்கே தையல் அறையில் வேலை செய்கிறாள். இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் அச்சடித்தது, அட்டை போய்விட்டது. நாங்கள் தேர்ந்தெடுத்த பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரன் வாயில் பைப்போடு, ஒரு காலைப் பாறைமேல் வைத்து, ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நிற்கிறான். "இவனப் பாத்தா குளுர்றவன் மாதிரியா கீது? எவ்ளோ இளிச்சிக்கினு நிக்கறான்!" என்றாள் அம்மா. பக்கம் முழுவதும் எழுத்துச் சுருக்கங்கள். எங்கள் இயந்திர வரைபட வகுப்பில் வரும் குறியீடுகளைப் போலவே இருந்ததால் எனக்கு அது பிடித்துப்போனது. நான் வாசித்து, தமிழில் சொன்னேன். எதற்கு எப்படிக் கையை அசைப்பது என்று அக்காவுக்குத் தெரிந்திருந்தது. மார்பளவை எளாவூர் தையல்காரரிடம் வாங்கினோம்; கல்யாணக் கோட்டுக்காக அவரிடம் ஏற்கெனவே இருந்தது. "முப்பத்தெட்டுன்னு போட்டுக்கோ. மூச்ச இழுத்துக்கினா நாப்பது. மிலிட்டரிக்காரன் எவனும் டைலர் கடையில மூச்ச வுட மாட்டான்" என்றார் அவர்.

நூல்தான் கிடைக்கவில்லை. புத்தகம் ஒரு கம்பளியின் பெயரைச் சொல்லி, அதைத் தவிர வேறெதுவும் கூடாது என்று தடித்த எழுத்தில் எச்சரித்திருந்தது. ஒரு சனிக்கிழமை மெட்ராஸில் பிராட்வே பக்கம் நானும் அக்காவும் நாலு கடை ஏறி இறங்கினோம். கடைசிக் கடைக்காரர் புத்தகத்தை வாங்கி, பைப் வைத்தவனைப் பார்த்துவிட்டு, "இந்த நூலு இந்த ஆளோடயே கப்பல் ஏறிப் பூடுச்சு" என்றார். அவர் எடுத்துப் போட்டது நைலான் மாதிரி வழுக்கும் செயற்கை உல்லன். சிலேட்டு நிறம். கையில் உருட்டிப் பார்த்தால் புத்தகத்தில் வரைந்திருந்த நூலைவிடத் தடிமனாகத்தான் தெரிந்தது. "எல்லாம் ஒண்ணுதான் நைனா, போட்டா சரியாப் பூடும்" என்றார். எல்லாம் ஒன்றாக இருக்க முடியாது என்பது எங்கள் கம்பெனியில் முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற பாடம். இருந்தாலும் வாங்கினோம்.

நூல் தடிமன் என்றால் புத்தகத்துக் கணக்கு உதவாது. புத்தகத்து நூலில் ஒரு அங்குல அகலத்தில் ஏழரைக் கண்ணி, அதாவது ஏழரைப் பின்னல் வளையம், வரும். முதுகுப் பக்கம் இருபது அங்குலம், அதனால் நூற்றைம்பது கண்ணி போட்டு ஆரம்பி என்கிறது. நம் நூலில் அங்குலத்துக்கு எத்தனை வருகிறது என்று தெரிந்தால், மீதி வெறும் பெருக்கல். அதற்காக அக்கா ஞாயிற்றுக்கிழமை மாலை வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து உள்ளங்கை அளவுக்கு ஒரு மாதிரித் துண்டு பின்னினாள். நான் எதிரே முக்காலியில் வகுப்பு இரும்பு ஸ்கேலோடு உட்கார்ந்தேன். ஒவ்வொரு வரிசை முடிந்ததும் வாங்கி, தரையில் இழுக்காமல் விரித்து, அளந்து, எண்ணி, திருப்பிக் கொடுத்தேன். ஆறு கண்ணி. மறுபடியும் ஆறு. ஒரு மயிரிழை பிசகவில்லை. ஆறு இருபது நூற்றிருபது. நூற்றிருபது கண்ணி போட்டு ஆரம்பிக்கலாம் என்று அறிவித்தேன். மூன்று விதமாகப் போட்டுப் பார்த்தும் அதே விடைதான் வந்தது. பொதுவாக ஒரு விடை இவ்வளவு சுத்தமாக வந்தால் எனக்குத் தூக்கம் வராது. அன்றைக்கும் வரவில்லை.

கல்லறைத் திருநாள் கழிந்ததும் அக்கா முதுகுப் பக்கத்தை ஆரம்பித்தாள். அடிப்பட்டியை வரதன் செய்த ஊசியிலும், பிறகு உடம்பைப் பத்தாம் எண் ஊசியிலும். வாரத்தில் மூன்று நாள் எனக்கு வகுப்பு. கம்பெனியிலிருந்து நேராகப் பொன்னேரிக்குப் போய்விடுவேன். மற்ற நாட்களில் வந்து முகம் கழுவியதும் ஸ்கேலை எடுத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்துவிடுவேன். கண்ணியின் எண்ணிக்கை குறையவில்லை. அதனால் நிம்மதியாக இருந்தேன். எண்ணிக்கையைத்தான் எண்ணினேனே தவிர முழு அகலத்தையும் விரித்து அளக்கவில்லை, ஊசியில் சுருங்கிக் கிடந்ததால். ஒரு முழ உயரம் வந்த பிறகு, அக்குளுக்குக் குறைக்க ஆரம்பிக்க வேண்டும் என்று கண்ணிகளை ஒரு நூலுக்கு மாற்றி, பாயில் விரித்தோம்.

அடியில் இருபது அங்குலம். அதற்கு மேலே இருபத்திரண்டரை. அதற்கு மேலே மறுபடியும் இருபது. அப்புறம் இருபத்துமூன்று. ஓரங்கள் உள்ளே போய் வெளியே வந்து உள்ளே போய், மொத்தமும் ஒரு பெரிய சிலேட்டு நிறக் கம்பளிப்பூச்சி பாயில் படுத்திருப்பது போல இருந்தது.

அக்கா இடுப்பில் கை வைத்து நின்று அதைப் பார்த்தாள். "இது யாருக்குடா? ரெண்டு தொப்ப இருக்கறவனுக்கா?"

"தோச்சா சரியாப் பூடும்" என்றாள் அம்மா.

அடுத்த வாரம் எனக்கு நரகம். நூல் மேல் சந்தேகப்பட்டேன். ஒவ்வொரு நூல் சிட்டத்திலிருந்தும் துண்டு வெட்டிக் கம்பெனியில் தராசில் வைத்தேன். எல்லாம் ஒரே எடை. ஊசி வளைந்துவிட்டதோ என்று உருட்டிப் பார்த்தேன். வெயில் நாளில் நூல் நீள்கிறதோ என்று ஒரு துண்டைக் கொதிக்கும் தகரக் கூரைமேல் போட்டுவிட்டுப் போய், மத்தியானம் வந்து அளந்தேன். கடைசியில் என் ஸ்கேலைக் கொண்டுபோய்க் கம்பெனி ஸ்கேலோடு ஒட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது வரதன் பார்த்துவிட்டான். "தப்பு உங்கூட்டு பின்னல்ல கீது, நீ போய் அங்குலத்து மேல சந்தேகப்படற. உன்னக் கட்டிக்கப் போறவ ரொம்ப பேஜாரா ஆயிடுவாடா" என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அக்கா என்னை நம்பிக் கேட்டது கணக்கு ஒன்றுதான். அந்த ஒன்றைத்தான் நான் கெடுத்திருந்தேன். எந்த இடத்தில் என்றுதான் தெரியவில்லை.

டிசம்பர் பிறந்ததும் ஒரு நாள் வகுப்பு வாத்தியாருக்குக் காய்ச்சல். போன வேகத்தில் அடுத்த ரயிலிலேயே திரும்பினேன். வீட்டை நெருங்கும்போது இன்னும் வெளிச்சம் இருந்தது. உள்ளே பாட்டுச் சத்தம். கிறிஸ்துமஸுக்குக் கோயிலில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த பாட்டைத்தான் அக்கா பாடிக்கொண்டிருந்தாள். அம்மா பக்கத்தில் மொச்சை உரித்தபடி யாரையோ பற்றிக் குறை சொல்லிக்கொண்டிருந்தாள். அக்கா சுவரில் சாய்ந்து, இரண்டு காலையும் நீட்டி, கையைப் பார்க்காமலே முன்பக்கத்துக்கான பட்டியைப் பின்னிக்கொண்டிருந்தாள். பாட்டின் தாளத்துக்கு ஊசி முனைகள் தொட்டுத் தொட்டு விலகின. நூல் அவளுடைய விரல் மேல் சும்மா ஊர்ந்து போனது. கை ஓடுகிற வேகத்துக்குக் கண் ஓடாது என்று அம்மா சொன்னது பொய்யே இல்லை. நான் பார்க்காத ஒன்றை அம்மா பார்த்திருந்தாள், அவ்வளவுதான்.

வாசலில் நிழல் விழுந்ததும் அக்கா நிமிர்ந்தாள். பாட்டு நின்றது. நீட்டியிருந்த கால்கள் மடங்கின. முதுகு சுவரைவிட்டு விலகி நிமிர்ந்தது. தோள் இரண்டும் காதை நோக்கி ஏறின. நூலை விரலில் ஒரு சுற்று, இன்னொரு சுற்று சுற்றி, ஊசியை இறுக்கமாகக் குத்தினாள்.

நான் ஒரு செருப்பைக் கழற்றியபடியே நின்றேன். "அக்கா, இப்போ இன்னா பண்ண?"

"இன்னா பண்ணேன்? போட்டுக்கினு கீறேன்."

"நூல ரெண்டு சுத்து சுத்தின."

அவள் தன் விரலையே முதல் முறையாகப் பார்ப்பது போலப் பார்த்தாள். "நீ வந்துட்டியே. நீ எதிர்ல வந்து ஸ்கேலோட குந்தினா எனக்குப் பரீட்ச ஹாலுல குந்தின மாதிரி கீது. ஒரு கண்ணி தப்புச்சின்னா மூஞ்சிய இப்படி வச்சிப்ப." என் முகத்தைச் செய்து காட்டினாள். அம்மா மொச்சையைக் கீழே போட்டுச் சிரித்தாள். அவ்வளவு மோசமாகவா இருக்கிறது என்று எனக்கு வருத்தம்தான். ஆனால் அதற்குள் பாயில் கிடந்த கம்பளிப்பூச்சி முழுவதும் எனக்குப் புரிந்துவிட்டது. ஒடுங்கின பட்டை எல்லாம் நான் வீட்டில் இருந்த மாலைகள். பெருத்த பட்டை எல்லாம் நான் பொன்னேரியில் இருந்த மாலைகள். மாதிரித் துண்டில் அங்குலத்துக்கு ஆறு கண்ணி வந்தது உண்மை. அது என் முக்காலிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அக்காவின் கணக்கு. அவளுடைய சொந்தக் கை எவ்வளவு என்று நான் அளக்கவே இல்லை.

அன்றைக்கே எல்லாவற்றையும் பிரித்தோம். அம்மா செத்த வீட்டில் உட்கார்ந்திருப்பவளைப் போல உட்கார்ந்திருந்தாள். நூல் நெளிநெளியாக வந்தது. அதை வளையமாகச் சுற்றிச் சிட்டமாக்கி நனைத்து, நெளிவு போக அடியில் சொம்பைக் கட்டிக் கொடியில் தொங்கவிட்டோம். காய்ந்த பிறகு அக்கா இன்னொரு மாதிரித் துண்டு பின்னினாள். அந்த நேரம் நான் ரயில்வே ஸ்டேஷனில் இருந்தேன். திரும்பி வந்து அளந்தேன். அங்குலத்துக்கு ஐந்தே கால். அப்படியானால் நூற்றைந்து கண்ணிதான் போட வேண்டும். "கொறச்சலாப் போச்சா? அப்போ இன்னும் சீக்கிரமா முடிஞ்சிடும்" என்றாள் அக்கா. அவள் முகத்தில் பழைய நிறம் வந்திருந்தது.

அதிலிருந்து ஒரு சட்டம். அக்கா ஊசியை எடுத்தால் நான் வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். வகுப்பு இல்லாத மாலைகளில் வரைபடத் தாள்களைச் சுருட்டிக்கொண்டு ஸ்டேஷன் பெஞ்சுக்குப் போய்விடுவேன். "ஸ்வெட்டரு ஊட்டுக்குள்ள, புள்ள ரோட்ல" என்று அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரித்தாள். எங்கள் நைனா முன்பு ஆரணிப் பக்கம் வயல் வேலை செய்தவர். இப்போது ஒரு கம்பெனியில் ராத்திரி வாட்ச்மேன். வேலைக்குப் போகிற வழியில் என்னை இரண்டு மூன்று தடவை அந்த பெஞ்சில் பார்த்துவிட்டார். ஒரு நாள் சைக்கிளை நிறுத்தி, குரலைத் தாழ்த்தி, "எந்தப் பொண்ணுக்காகடா தினம் இங்க வந்து குந்தற?" என்று கேட்டார். அக்காவுக்காக என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, சைக்கிளை மிதித்துப் போனார்.

முதுகு முடிந்தது. முன்பக்கம் முடிந்தது. இரண்டையும் தோளில் சேர்த்துத் தைத்து, பக்கங்களை மூடி, கழுத்துக்குப் பட்டி எடுத்தாள். எங்கே அளந்தாலும் இருபது அங்குலம். கிறிஸ்துமஸ் வேலைகளுக்கு நடுவிலும் ஒரு கை முடிந்து சேர்ந்துவிட்டது. இன்னொரு கை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வந்திருந்தது. கல்யாணத்துக்கு இன்னும் நாள் இருந்தது. எல்லாம் சரியாகவே போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

புது வருஷம் பிறந்த முதல் ஞாயிறு, பூசை முடிந்த கையோடு ரோசம்மாள் அத்தை வந்து நின்றார். பின்னால் சாலமோன் மாமா. விடுமுறையில் வந்து ரெண்டு நாள்தான் ஆகியிருந்தது. நல்ல உயரம், வெட்டிய தலைமுடி, எங்கே நிற்பது என்று தெரியாமல் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அம்மா பெஞ்சைத் துடைத்துப் போட்டாள். அத்தை உட்காருவதற்கு முன்பே விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"சம்மந்தி, நா மனசுல ஒண்ணு வச்சிக்கினு வெளிய ஒண்ணு பேசறவ இல்ல. எங்க தெருவுல பேசிக்கறாங்க. மூர் மார்க்கெட்ல பழைய ஸ்வெட்டரு ஒண்ண வாங்கி, லேபிளக் கிழிச்சிட்டு, பொண்ணு போட்டதுன்னு குடுக்கப் போறாங்கன்னு. நெசமா பொய்யா?"

அம்மா ஏற்கெனவே துடைத்த பெஞ்சை மறுபடியும் துடைத்தாள். அக்கா உள்ளே போனாள். ஸ்வெட்டரைக் கொண்டுவந்து அத்தையிடம் கொடுக்காமல் நேராக சாலமோன் மாமாவிடம் நீட்டினாள். அவர் அதைத் தலைவழியாக மாட்டினார். கழுத்து இலேசாக இறங்கியது. உடம்பில் ஒட்டாமலும் தொங்காமலும் நின்றது. வலது கை மணிக்கட்டு வரை சிலேட்டு நிறம். இடது பக்கம் வெறும் கை, அதற்கு மேலே வெள்ளைச் சட்டையின் அரைக்கை. அத்தை எழுந்துவந்து அடிப்பட்டியை இழுத்துப் பார்த்தார். அக்குளில் விரல் விட்டுப் பார்த்தார். திருப்பி நிறுத்தி முதுகைத் தட்டிப் பார்த்தார்.

"ஒடம்பு அளவெடுத்தாப்பலதான் கீது. கலரு தான் மழக்கால வானம் மாரி கீது. இன்னொரு கை எங்க?"

"போட்டுக்கினு கீறேன் அத்தே" என்று அக்கா, ஊசி குத்தியிருந்த பாதிக் கையைக் காட்டினாள்.

"போடு அப்போ. நா பாக்கறேன்."

அத்தை என் முக்காலியை இழுத்து அக்காவுக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தார். அக்கா பாயில் உட்கார்ந்து ஊசியைக் கையில் எடுத்தாள். நான் அவளுடைய தோளைத்தான் பார்த்தேன். ஏறியது. நூல் விரலில் ஒரு சுற்று. இன்னொரு சுற்று. மூன்றாவதும் சுற்றினாள். இனிமேல் வரவேண்டியது தோள்பக்கம், கை பெருத்துக்கொண்டு போகும் இடம். அது இறுகினால் முழங்கைக்கு மேலே ஏறாது. இத்தனை நாள் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்ததெல்லாம் வீண். அத்தையை வெளியே அனுப்ப வேண்டும். எளாவூரில் ரோசம்மாள் அத்தையை வெளியே போகச் சொன்னவன் இதுவரை ஒருவனும் இல்லை.

"அத்தே, வெளிய வேப்ப மரத்தாண்ட காத்து நல்லா அடிக்குது" என்றேன்.

"அடிக்கட்டும்" என்றார், திரும்பாமலே.

ஊசி குத்தி ஏறும் சத்தம் கேட்டது. கண்ணிகள் ஒன்றோடொன்று நெருக்கிக்கொண்டு நின்றன. சாலமோன் மாமாவுக்கு நெற்றியில் வேர்வை வழிய ஆரம்பித்தது.

"கயட்டுடா. வேர்த்துக் கொட்டுது பாரு" என்றார் அத்தை.

"இருக்கட்டும்மா. குளுருக்குப் பழகிட்டேன், இதுக்குப் பழக வேணாவா?"

அக்கா இழுத்த இழுப்பில் நூல் உருண்டை பாயைவிட்டு உருண்டு பெஞ்சுக்கடியில் போய் மாட்டிக்கொண்டது. நூல் விறைத்தது. அக்கா அதை இன்னும் இழுத்தாள். சாலமோன் மாமா குனிந்து உருண்டையை எடுத்தார். எடுத்துத் திருப்பிக் கொடுக்காமல், ஸ்வெட்டரோடு அப்படியே தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். வேலையில் ஒயர் சுருளை விடுகிற பழக்கமாக இருக்க வேண்டும். உருண்டையை ஸ்வெட்டர் இல்லாத கையில் வைத்து, கம்பளிக் கையால் நூலை ஒரு முழம் உருவி விட்டார்.

"இழுக்காத. நா வுடறேன்" என்றார். அக்காவிடம் அவர் நேராகப் பேசி நான் கேட்ட முதல் பேச்சு அது.

அக்கா தலையை நிமிர்த்தவில்லை. ஒரு வரிசை முடித்துத் திருப்பினாள். அத்தை முன்னால் சாய்ந்து, தொங்கிய பாதிக் கையின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். விட்டார். மறுபடியும் பிடித்தார். பிறகு கூரையைப் பார்த்துச் சொன்னார்: "விடியக்காத்தால மாடு கறக்கச் சொல்லோ எனக்குங்கூட குளுரத்தான் செய்யுது."

அம்மாவுக்கு உயிர் வந்துவிட்டது. "அதுக்கின்னா சம்மந்தி? எங்க மேரி..."

"யம்மா!" என்றாள் அக்கா.

முதலில் சிரித்தது அத்தைதான். முக்காலி ஆடுகிற அளவுக்குச் சிரித்தார். அம்மாவும் சேர்ந்துகொண்டாள். அக்கா உதட்டைக் கடித்துப் பார்த்து, முடியாமல், ஊசியோடு முகத்தை மூடிக்கொண்டாள். கையைக் கீழே இறக்கியபோது விரலில் சுற்றியிருந்த நூல் எப்படியோ நழுவியிருந்தது. சாலமோன் மாமா உருண்டையைக் கையில் திருப்பி இன்னும் கொஞ்சம் விட்டார். சிலேட்டு நிற நூல் இரண்டு பேருக்கும் நடுவில் தரையில் தளர்ந்து வளைந்து கிடந்தது. பிறகு மெதுவாக அக்காவின் பக்கம் நகர ஆரம்பித்தது.